இரண்டாவது தட்டை யாரும் கேட்கவில்லை

1

திவசத்துக்கு வாழைக்காய் கிடைக்கவில்லை. ஸ்கொட்லாந்தின் இந்த நகரத்தில் எங்கள் சாமான் விற்கிற கடை ஒன்றே ஒன்று. கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரும் என்றார், வரவில்லை. பூசணிக்காயும் பயற்றங்காயும் உருளைக்கிழங்குமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணையின் மனைவி, செல்வராணி மச்சாள், மோசம்போய் இன்றோடு ஒரு வருஷம். கோப்பாயில் அண்ணை ஐயரைக் கூப்பிட்டு முறையாகச் செய்வார். இங்கே நான் என் பாட்டில் நாலு கறி வைத்து, வாழையிலைக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டில் படைப்பேன்.

அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. இங்கே இருக்கிற எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர்.

“தங்கச்சி, இந்த வருஷ மலருக்கு உங்கடை விஷயம் கட்டாயம் வேணும். முந்தி நான் எழுதின எருக்கலைக் கட்டுரைக்கு ஊரிலை நல்ல மதிப்பு. அதின்ரை ரண்டாம் பாகம் மாதிரி ஒண்டை நீங்களே எழுதித் தாங்கோவன். கலைவிழாவிலை உங்களுக்குப் பொன்னாடை போத்திறதெண்டும் கொமிற்றி முடிவெடுத்திருக்கு.”

பருப்பு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. “ஓம், எழுதித் தாறன்” என்றேன். “நல்லது தங்கச்சி, நல்லது” என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். என் குரலில் இருந்த கோபம் அவருக்கு விளங்கவில்லை. அது விளங்குகிற மனிதராக இருந்தால் முதற் கட்டுரையையே எழுதியிருக்கமாட்டார்.

செயலாளர் கேட்ட இரண்டாம் பாகம் இதுதான். பொன்னாடையை வேறு யாருக்காவது போர்த்துங்கள். இதில் ஒரு சொல்லையும் வெட்டக்கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை.

2

ஊரில் இருப்பவர்களுக்காக என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப்பற்றிச் செயலாளர் சொன்னதுதான் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் விஞ்ஞானி அல்ல. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தேன். கொழும்பில் கொஞ்சக் காலம் படிப்பித்தேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். என் பட்டத்தை மதிப்பிட ஓர் அலுவலகம். அவர்கள் மூலப் பத்திரம் கேட்டார்கள். அது வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டோடு எரிந்துபோனது என்று எழுதினேன். எரிந்ததற்கு அத்தாட்சி இணைக்கவும் என்று பதில் வந்தது. கொளுத்தினவனிடம் போய் ஒரு கையொப்பம் வாங்கிவரலாம் என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே உதவியாளர்தான்.

அங்கே நாங்கள் மனிதக் கலங்களை, ‘செல்’ என்கிறார்களே அவற்றை, வளர்க்கிறோம். எப்போதோ ஒரு நோயாளியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த கலங்கள். ஆள் போய்விட்டார், கலங்கள் மட்டும் குப்பிகளில், உடம்புச் சூடுள்ள ஒரு பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் தண்ணீரில் பெருகிக்கொண்டே இருக்கும். வேளைக்குத் தீனி மாற்றாவிட்டால் செத்துவிடும். சனி ஞாயிறு கிடையாது, நத்தார் கிடையாது, தீபாவளி கிடையாது. இன்றைக்கும் படைத்துவிட்டு அங்கேதான் ஓடவேண்டும்.

இந்தக் கலங்களைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் தட்டில் விதைப்போம். ஏதாவது ஒரு செடியின் சாற்றை ஒவ்வொரு குழியிலும் ஒவ்வோர் அளவில் விடுவோம். சில நாள் கழித்து ஒரு மஞ்சள் மருந்து ஊற்றினால், உயிரோடிருக்கிற கலங்கள் அதைக் கத்தரிப்பூ நிறமாக்கும். செத்த குழி மஞ்சளாகவே கிடக்கும். தட்டு முழுக்க மஞ்சளாக இருந்தால் சாறு கொன்றுவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் பக்கத்தில் இன்னொரு தட்டும் இருக்கும். அதில் நோயில்லாத மனிதரின் தோலிலிருந்து எடுத்த நல்ல கலங்கள். அதே சாறு, அதே அளவு. முதல் தட்டைக் கொன்று, இரண்டாவது தட்டை விட்டுவைக்கிற சாறு கிடைத்தால் மட்டும்தான் எங்கள் பேராசிரியை கதிரையை விட்டு எழும்புவார். இரண்டையும் கொல்கிற சாறு எங்களுக்கு வேண்டாம். தட்டில் கொல்வதொன்றும் பெரிய வித்தை இல்லை. சவர்க்காரத் தண்ணீர் விட்டாலும் கலங்கள் சாகும். மண்ணெண்ணெய் விட்டாலும் சாகும். அதற்காக அதைக் குடிப்பீர்களா?

3

பேராசிரியை ஒருநாள் கேட்டார், உன் ஊரில் என்ன செடிகள் இருக்கின்றன என்று. நான் மச்சாளுக்கு எழுதினேன். மச்சாள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். வேலைக்குப் போகாத மனுசி, பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் நான் எழுதியிருந்தபடியே வெயில் படாமல் நிழலில் காயவைத்து, துணிப்பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி அனுப்பினார். அதில் ஒரு பை நிறைய எருக்கலை, இலையும் பூவும். எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முடக்கில் மதிலோடு நிற்கிற வெள்ளெருக்கலைதான். பிள்ளையாருக்கு மாலை கட்டுவதும், குதிக்கால் உழைந்தால் இலையைச் செங்கல்லில் வாட்டி ஒத்தணம் கொடுப்பதும் தவிர அதை வேறெதற்கும் நாங்கள் தொட்டதில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று வெருட்டித்தான் எங்களை வளர்த்தார்கள்.

பைகள் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்து, வவுனியாச் சோதனைச்சாவடியில் கிளறப்பட்டு, கொழும்பு வந்து, விமானம் ஏறின. இங்கே சுங்கத்தில் என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு வெளியே விட்டார்கள். கறிவேப்பிலையா என்று ஒருவன் மணந்தும் பார்த்தான். இவ்வளவு தூரம் சருகு வந்து சேர்ந்தது. பிறகு அதே வழியால் ஒரு பெட்டி மருந்துக் குளிசை ஊருக்குள் போக நான் பட்ட பாடு தனிக்கதை.

எருக்கலைச் சாறு முதல் தட்டை முழுக்க மஞ்சளாக்கியது. பேராசிரியை ஓடிவந்தார். எனக்கும் நெஞ்சு அடித்தது, பொய் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கைச் செடி அல்லவா. பிறகு இரண்டாவது தட்டை வெளியே எடுத்தேன். அதுவும் முழுக்க மஞ்சள். நல்ல கலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அது நஞ்சு என்று ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்ததைத்தான் தட்டும் சொன்னது. பேராசிரியை தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டுகளைக் குப்பையில் போட்டேன். எருக்கலையின் கதை அங்கே முடிந்தது.

முடிந்திருக்க வேண்டும்.

4

யாரோ ஒருவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள். மண்டபத்தில் சோறு சாப்பிடும்போது செயலாளர் பக்கத்தில் வந்து இருந்தார். “என்ன தங்கச்சி, ஆராய்ச்சி எந்தளவிலை?” என்றார். பேச்சோடு பேச்சாக எருக்கலைக் கதையைச் சொன்னேன். இரண்டு தட்டையும் சொன்னேன். கோழிக்காலைக் கடித்தபடி “ஓம், ஓம்” என்று தலையாட்டிக் கேட்டார்.

மலர் வந்தது. என் படம், ஒரு பக்கம் நிறைய. ‘நம் எருக்கலையில் புற்றுநோய்க்கு மருந்து: யாழ்ப்பாணப் பெண் விஞ்ஞானி சாதனை.’ முதல் தட்டு அழகாக, உவமையெல்லாம் வைத்து எழுதப்பட்டிருந்தது. எங்கள் முன்னோர் அறியாதது உண்டோ, அதனாலன்றோ விநாயகனுக்குச் சூட்டினர் என்று ஒரு பந்தி. இரண்டாவது தட்டு இல்லை.

அன்றைக்கே அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

“அதையும் போட்டால் வாசிக்கிற சனத்துக்கு விளங்காது தங்கச்சி. எங்கடை சனத்துக்கு இப்ப ஒரு நல்ல செய்தி வேணும். எந்த நாளும் ஷெல்லடியும் சாவும்தானே.”

“அது நல்ல செய்தி இல்லை, பொய்ச் செய்தி.”

“பொய் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்? புற்றுநோய்க் கலம் செத்ததோ இல்லையோ?”

“செத்தது.”

“பிறகென்ன?”

திருத்தம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மலரில் இடமிருந்தால் பார்ப்போம் என்றார். அவரைப் போன்றவர்களை எனக்குத் தெரியும். கெட்டவர்கள் அல்ல. செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வருவார்கள், கடைசி ஆளாகப் போவார்கள். ஊரைப்பற்றிப் பெருமையாக ஒன்று கிடைத்தால் மட்டும் கண் மண் தெரியாது. இருபது மைல் பனிக்குள் கார் ஓடி வந்து பொன்னாடை போர்த்துகிற இந்தப் பெருமை, அங்கே யாரோ ஒருத்தியின் அடுப்பில் கஷாயமாகக் கொதிக்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை.

மலர் யாரோ கொண்டுபோன பொதியில் ஊருக்குப் போனது. அங்கே அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பேப்பர் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தாளிலும் எருக்கலைக்கு இடம் கிடைத்தது.

5

மச்சாளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது இலை அனுப்பிய அடுத்த வருஷம். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர், மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேற்றர் வைத்துக்கொண்டு, சத்திரசிகிச்சை செய்து கட்டியை எடுத்தார். பிறகு நெடுங்காலத்துக்கு நாள் தவறாமல் ஒரு குளிசை போடவேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்தார். துண்டு இருந்தது, குளிசை இல்லை. பஞ்சுக்கும் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் அரசாங்கம் தடை போட்டிருந்த ஊரில் அந்தக் குளிசை எங்கே வரும்?

நான் இங்கே வாங்கினேன். அதற்கு என் குடும்ப டொக்டரோடு சண்டை. உன் பெயரில் இல்லாத நோய்க்கு உன் பெயரில் மருந்து எழுதமாட்டேன் என்றார். அவர் சொன்னதும் சரிதான். சரியாக இருக்கிறவர்களோடு சண்டை பிடிப்பதுதான் மிகவும் கஷ்டம். கடைசியில் பேராசிரியை ஆளைப் பிடித்து உதவினார். கொழும்புவரை ஒரு கை, வவுனியாவரை இன்னொரு கை, அங்கிருந்து கோப்பாய்க்குப் போகிற ஒரு வயதுபோன மனுசி தன் சொந்த மருந்து என்று சொல்லி டொக்டரின் துண்டோடு கொண்டுபோனார். பெட்டி கிடைத்தது என்று அண்ணை எழுதியபோது நான் அழுதேன். அதற்குப் பிறகும் மூன்று தடவை அனுப்பினேன். நாலு பெட்டியும் போய்ச் சேர்ந்தன.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: பேப்பரில் எருக்கலைச் செய்தி வந்த நாளிலிருந்து மச்சாள் எருக்கலைப் பூவைக் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார். நாட்டு மருந்து குடிப்பதென்றால் எங்கள் ஆட்கள் பத்தியம் காப்பார்கள். புளி தள்ளி, மீன் தள்ளி, கத்தரிக்காய் தள்ளி, எல்லாவற்றுக்கும் மேலாக இங்கிலீசு மருந்தையும் தள்ளி. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறிக்கும் என்பது எங்கள் வீடுகளில் உப்பைப்போல எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மச்சாள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார் என்று சொன்னேன் அல்லவா. பத்தியத்தையும் அப்படித்தான் காத்தார். கஷாயம் குடித்துச் சத்தி எடுத்தால், நோய் வெளியே வருகிறது என்று சந்தோஷப்பட்டார்.

அண்ணை தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். அண்ணைதான் பூ ஆய்ந்து கொடுத்தவர்.

போன வருஷம் நோய் முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் ஏறிய பிறகு, ஊரைவிட்டு வெளியேற பாஸ் எடுத்து, திரும்பி வருவார்கள் என்பதற்குப் பிணைக்கு ஆள் காட்டி, கிளாலியால் வள்ளத்தில் அவரைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். லொட்ஜில் தங்க பொலிசில் பதிவு. பெரியாஸ்பத்திரியில், பிந்திவிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை. அதன் பிறகு அண்ணை அவரைத் தொலைபேசிக் கடைக்குக் கூட்டிவந்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு மச்சாளின் குரலைக் கேட்டேன். மூச்சு வாங்கியது.

“மச்சாள், குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ? ஒரு நாளும் விடேல்லைத்தானே?” என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன்.

“குளிசை எல்லாம் பத்திரமா இருக்கு” என்றார். “ஒண்டும் வீணாக்கேல்லை. நாலு பெட்டியும் சாமித்தட்டிலை வைச்சிருக்கிறன். நீர் கஷ்டப்பட்டு அனுப்பினது, நாளைக்கு ஆருக்கும் உதவும்.”

“என்ன மச்சாள் சொல்லுறியள்? அப்ப என்னத்தைக் குடிச்சனீங்கள்?”

அவருக்கு அது விசித்திரமான கேள்வியாக இருந்திருக்க வேண்டும். சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது.

“உம்மடை மருந்தைத்தான். நான் காயவைச்சு அனுப்பின இலையிலை நீர் கண்டுபிடிச்சதைக் குடியாமல், ஆரோ செய்த குளிசையைக் குடிப்பனே?”

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் மச்சாள், “கேக்குதே? கேக்குதே வசந்தி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “கேக்குது மச்சாள்” என்றேன். “மனசைத் தளரவிடாதேயும், நீர் கெட்டிக்காரி” என்றார். காசு முடிந்து லைன் அறுந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. கொழும்பிலேயே எரித்தார்கள்.

குளிசை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை ஒருவராலும் சொல்லமுடியாது. ஒரு வாய்ப்பு இருந்தது. நல்ல வாய்ப்பு. அது சாமித்தட்டில் விபூதிக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில் பெட்டி உடையாமல் இருந்தது. தடையைத் தாண்டி, கடலைத் தாண்டி, எத்தனையோ கை மாறிப் போன மருந்தை, சங்க மலரின் ஒரு பக்கம் வாசற்படியில் மறித்துவிட்டது. தடை போட்டவனைத் திட்ட எனக்கு வாய் போதாது. அவன் எதிரி, அவன் வேலை அது. எங்கள் ஆட்கள் அதை அன்போடு செய்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

6

அன்றைக்குத் தொலைபேசியை வைத்துவிட்டு நான் இருந்த இருப்பைப் பார்த்து என் மகள் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. இங்கே பிறந்தவள். என்ன நடந்தது என்று சொன்னேன்.

“மாமி செத்துப்போகுமா?” என்றாள்.

மாட்டைச் சொல்வதைப்போலச் சொல்கிறாய் என்று அவளில் பாய்ந்தேன். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். திருத்துகிறவள் நான்தான், நேரமில்லாதவளும் நான்தான். பிறகு அவள், “உங்கடை மற்றத் தட்டைப்பற்றி மாமிக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அம்மாவின் வேலைபற்றிப் பேசச் சொன்னபோது அவள் இரண்டு வட்டம் கீறி, இரண்டையும் விளங்கப்படுத்தியவள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கியது வாசகருக்கு விளங்காது என்று ஒரு செயலாளர் முடிவெடுத்திருக்கிறார். இந்தப் பிள்ளைகள் தமிழை விட்டுத் தூரப் போகின்றன என்று ஒவ்வொரு கலைவிழாவிலும் கண்ணீர் விடுகிறோம். அந்தத் தமிழில் நாங்கள் எழுதி வைப்பதை அவள் வாசிக்காமல் இருப்பதே நல்லது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கோபத்தில் தோன்றியதுதான். ஆனாலும் தோன்றியது.

7

இதை ஒரு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை அண்ணையின் கடிதம் வந்தது. இப்போது கொஞ்சம் அமைதி, தபால் கெதியாக வருகிறது. மச்சாளின் நாலு பெட்டியையும் அவர் உடுவிலில் ஒரு ரீச்சரிடம் கொண்டுபோனாராம். அவவுக்கும் அதே நோய், அதே சத்திரசிகிச்சை, டொக்டர் எழுதிய அதே குளிசை. ரீச்சர் பெட்டிகளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாமித்தட்டில் வைத்தாராம். பிறகு, “தம்பி, நான் இப்ப எருக்கலை குடிக்கிறன். பத்தியம் முடியட்டும், பிறகு போடுறன்” என்றாராம். மச்சாளும் அதைக் குடித்துத்தான் போனார் என்று அண்ணை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். ரீச்சர் பேப்பரை எடுத்துக் காட்டினாராம், என் படத்தோடு. “உங்கடை தங்கச்சியே சொல்லியிருக்கிறா, நீங்கள் மாறிச் சொல்லுறியள்” என்றாராம்.

ஆகவே செயலாளர் அவர்களே, இது மலர் வரும்வரை காத்திருக்க முடியாது. ஒரு பிரதியை இன்றைக்கே அண்ணைக்குத் தபாலில் போடுகிறேன், உடுவிலுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கச் சொல்லி. நீங்கள் மலரிலும் போடுங்கள், என் படத்தையும் போடுங்கள். அந்தப் படத்தை நம்புகிற சனத்துக்கு அதே படம்தான் சொல்லவேண்டும்.

ரீச்சர், இனி உங்களோடு கதைக்கிறன். உங்களை எனக்குத் தெரியாது. எருக்கலையிலை நான் ஒரு மருந்தும் கண்டுபிடிக்கேல்லை. ரண்டு தட்டு வைச்சனாங்கள். நோய்க்கலமும் செத்தது, நல்ல கலமும் செத்தது, அது நஞ்சு. உங்களுக்குச் சத்தி வாறது நோய் வெளியிலை வாறதில்லை. பத்தியம் முடியுமட்டும் பாராதேயுங்கோ. கஷாயத்தை ஊத்திப்போட்டு, சத்தி எடுத்த கதையையும் டொக்டரிட்டைச் சொல்லி, சாமித்தட்டிலை இருக்கிற குளிசையை அவர் சொல்லுற மாதிரி போடத் தொடங்குங்கோ. புளியும் மீனும் கத்தரிக்காயும் ஆசைதீரச் சாப்பிடுங்கோ. பூவைப் பிள்ளையாருக்கு விடுங்கோ, அவருக்கு ஒண்டும் செய்யாது.

என்னை நம்பி மட்டும் ஒண்டையும் குடியாதேயுங்கோ. என்னை நம்பிக் குடிச்ச ஆளுக்குத்தான் இண்டைக்கு நான் படைச்சுப்போட்டு இருக்கிறன்.